ஃபான் ராங் பான் கன்: கரி அடுப்பிலிருந்து உங்கள் கிண்ணம் வரை

வியட்நாம் போய் வருகிற நம் ஆட்களில் பாதிப்பேர் ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப், பான் மி என்கிற ரொட்டி சாண்ட்விச் இரண்டையும் ருசி பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். தென் மத்தியக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் தேடிப்போய்ச் சாப்பிட வேண்டியது பான் கன். குழிகள் உள்ள மண் தட்டில் அரிசி மாவை ஊற்றி, மண் மூடியால் மூடி, கரி அடுப்பில் சுட்டெடுக்கும் தெருக்கடைப் பண்டம். பார்த்த கணத்தில் "அட, நம்ம குழிப்பணியாரம்!" என்பீர்கள். உருவம் அப்படித்தான் இருக்கும். ஆனால் பணியாரத்தைச் சாப்பிடுவது போல இதைச் சாப்பிட்டால், "சப்பென்று இருக்கிறதே" என்று பாதியில் எழுந்துவிடுவீர்கள். அப்படி எழுந்துவிடாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

விசா, சிம் கார்டு, விமான டிக்கெட் எதையும் இங்கே தொடப்போவதில்லை. நேராகப் பண்டத்துக்கு வருவோம்.

படி 1: எந்த ஊரில் சாப்பிடுவது என்று முடிவு செய்யுங்கள்

பான் கன்னுக்கு மூன்று ஊர்கள்: ஃபான் ராங், நா ட்ராங், டா லாட். மூன்றிலும் மாவு ஏறக்குறைய ஒன்றுதான். தொட்டுக்கொள்வதும் மேலே போடுவதும்தான் மாறும்.

நா ட்ராங் கடற்கரைச் சுற்றுலா ஊர். இறால், கணவாய் போட்டுச் சுடுவார்கள். பச்சை மாங்காயைச் சன்னமாகச் சீவிப் பக்கத்தில் வைப்பார்கள். டோ ஹியென் தான் தெருவில் போய்த் தேடினால் கிடைக்கும்.

டா லாட் மலை ஊர், குளிர் ஊர். அங்கே முட்டைதான் பிரதானம். தொட்டுக்கொள்ள, சியூ மாய் என்கிற பன்றி இறைச்சி உருண்டை மிதக்கும் சூடான சாறு வரும். காலைக் குளிரில் அந்தச் சாறு சுகமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை.

என் ஓட்டு ஃபான் ராங்குக்குத்தான். வியட்நாமிலேயே மழை மிகக் குறைந்த பகுதி அது. வறண்ட மண், திராட்சைத் தோட்டம், பூண்டு வயல், ஆட்டு மந்தை. வியட்நாமின் சிறுபான்மை இனத்தவரான சாம் மக்கள் இன்றும் நிறைய வாழும் இடம். 1832-இல் வியட்நாம் பேரரசர் மின் மாங் இணைத்துக்கொள்ளும் வரை, பாண்டுரங்கா என்ற கடைசி சாம் அரசு இங்கேதான் இருந்தது. சுற்றுலாக் கூட்டம் குறைவு, அதனால் கடைகள் உள்ளூர்க்காரர்களின் நாக்குக்காகவே நடக்கின்றன. மண் தட்டுகள் செய்யும் கிராமமும் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

போக ரயில்தான் நல்லது. ஹோ சி மின் நகரத்திலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறி, தாப் சாம் நிலையத்தில் இறங்க வேண்டும். சுமார் 320 கிலோமீட்டர். "ஃபான் ராங்" என்ற பெயரில் நிலையத்தைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்; ஊருக்கான நிலையத்தின் பெயரே தாப் சாம். நா ட்ராங்கிலிருந்து இதே ரயில் பாதையில் 93 கிலோமீட்டர். இரவு நேரப் படுக்கைப் பேருந்துகளும் உண்டு. ஆறடி உயரம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சேர்த்தது: ஃபான் ராங் இருந்த நின் துவான் மாகாணத்தை வரைபடத்தில் காணோமே என்று சிலர் கேட்டார்கள். 2025 ஜூலை 1 முதல் அது கான் ஹோவா மாகாணத்தோடு இணைந்துவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் நின் துவான் என்று படித்தால், இப்போதைய கான் ஹோவாவின் தென் பகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நேரம்

விடிகாலை, இல்லையென்றால் சாயங்காலம். நண்பகலில் போனால் பெரும்பாலும் ஆறிப்போன அடுப்பைத்தான் பார்ப்பீர்கள்.

படி 3: கடையைப் பெயரால் தேடாதீர்கள், அடுப்பால் தேடுங்கள்

செயலியில் நட்சத்திர எண்ணிக்கை பார்த்துக் கடை தேடுவது எனக்கு இந்தப் பண்டத்தில் உடன்பாடில்லை. நல்ல கடைகள் பல நடைபாதையில், ஒரு வீட்டு வாசலில் நடப்பவை. நான் பார்ப்பது மூன்று: அடுப்பில் கரி இருக்கிறதா, தட்டு மண்ணா, குழி ஒவ்வொன்றுக்கும் தனி மூடி இருக்கிறதா. எரிவாயு அடுப்பும் இரும்புத் தட்டும் வைத்திருக்கும் கடையில் பசிக்குச் சாப்பிடலாம். ஆனால் அடிப்பக்கம் சீராக முறுகாது.

கடை கிடைத்ததும் உடனே உட்காராமல், ஒரு ஈடு வேகும் வரை நின்று பாருங்கள். அடுப்பை ஆள்கிறவர் பெரும்பாலும் ஒரு பெண். எண்ணெயில் நனைத்த துணிப் பொட்டலத்தால் குழிகளை வரிசையாகத் துடைத்துக்கொண்டே போவார். நீர்த்த மாவைக் குழி நிறைய ஊற்றுவார். சொய்ங் என்று சத்தம் வந்ததும் மூடி. அடுத்த குழி, அடுத்த மூடி. கடைசிக் குழிக்கு வருவதற்குள் முதல் மூடியின் ஓரத்தில் ஆவி கசிய ஆரம்பித்திருக்கும். மூடியைத் தூக்கி, கொஞ்சம் அடித்த முட்டையோ ஓர் இறாலோ வைத்து மறுபடி மூடுவார். வெந்ததும் மெல்லிய இரும்புத் தகட்டை ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி நெம்பினால் பொட்டென்று கழன்று வரும். திருப்பிப் போடுவது கிடையாது. அதனால்தான் அடி மொறுமொறுவென்றும், மேல்பக்கம் ஆவியில் வெந்து மெத்தென்றும் இருக்கிறது. சுட்டெடுத்ததில் இரண்டிரண்டாகச் சேர்த்து, நடுவே எண்ணெயில் வாட்டிய வெங்காயத்தாளைத் தடவி, ஜோடியாகத் தட்டில் அடுக்குவார்கள்.

மாவில் உளுந்து கிடையாது. புளிக்க வைப்பதும் இல்லை. ஊறவைத்த அரிசியோடு ஆறிய சோற்றைச் சேர்த்து அரைத்தது, அவ்வளவுதான். புளிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

படி 4: கேட்டு வாங்குவது

அடுப்படியில் இருப்பவர் நடுவயதுக்காரர் என்றால் "கோ ஒய்" என்று கூப்பிடுங்கள், அத்தை, சித்தி என்கிற மாதிரி. உங்களைவிடச் சற்றே மூத்தவர் என்றால் "சி ஒய்", அக்கா. கை தட்டியோ விரலைச் சொடுக்கியோ கூப்பிட வேண்டாம்.

அப்புறம் மேலே போடுவதைச் சொல்ல வேண்டும். ட்ருங் என்றால் முட்டை. ட்ருங் கூட் காடை முட்டை. டோம் இறால், மூக் கணவாய், போ மாட்டிறைச்சி. மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் "கொங் போ". அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஃபான் ராங் பக்கம் சைவ வழிபாட்டு மரபில் வந்த பாலாமோன் சாம் மக்களும் மாட்டிறைச்சி உண்பதில்லை, அதனால் அங்கே இது புதுக் கோரிக்கை இல்லை. முதல் முறை போகிறவர்கள் கலந்து கேளுங்கள்: கொஞ்சம் முட்டை, கொஞ்சம் இறால், இரண்டு வெறும் மாவு. வெறும் மாவு ஏன் என்றால், அடுத்த படியில் கிண்ணத்தைச் சோதித்துப் பார்க்க அதுதான் தோது.

உச்சரிப்பில் நம்பிக்கை இல்லையென்றால் மொழிபெயர்ப்புச் செயலியில் வியட்நாமிய மொழியை முன்கூட்டியே இறக்கி வைத்து, எழுத்தாகக் காட்டுங்கள். பேசி மொழிபெயர்க்கும் வசதியைத் தெருக்கடை இரைச்சலில் நம்ப வேண்டாம். அதைவிட எளிது, பக்கத்து மேசைத் தட்டைக் கை காட்டுவது.

படி 5: கிண்ணம் (அவசரமே வேண்டாம்)

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். தட்டு வருவதற்கு முன்பே உங்கள் முன்னால் ஒரு காலிக் கிண்ணம் வந்துவிடும். மேசையில் ஜாடிகள், குவளைகள். எது எதற்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

பான் கன்னின் ருசி மாவில் இல்லை, கிண்ணத்தில் இருக்கிறது. அந்தக் கிண்ணத்தை நிரப்ப வேண்டியது நீங்கள். ஃபான் ராங்கில் பொதுவாகக் கிடைப்பவை நான்கு வகை. ஒன்று, இனிப்பும் புளிப்புமாகக் கலக்கிய மீன் சாறு, நுவொக் மாம். இரண்டாவது, மாம் நேம். நெத்திலி மாதிரியான சிறு மீனைப் புளிக்க வைத்தது, கலங்கலாக, வாடை தூக்கலாக இருக்கும். மூன்றாவது, மீனைப் போட்டு மெல்லக் கொதிக்கவைத்த குழம்பு. நான்காவது, வேர்க்கடலை அரைத்த கெட்டிச் சாறு. கடைக்குக் கடை ஒன்றிரண்டு கூடும், குறையும்.

நான் செய்வது இது. மீன் குழம்பு அரைக் கிண்ணம். அதன் மேல் கடலைச் சாறு ஒரு கரண்டி. மாம் நேம் அரைக் கரண்டிதான், அதற்கு மேல் முதல் தடவை போகாதீர்கள். அரைத்த மிளகாய் கொஞ்சம். சீவிய பச்சை மாங்காய் இருந்தால் கை நிறைய. இப்போது வெறும் மாவுத் துண்டு ஒன்றைப் போட்டுத் தின்று பாருங்கள். உப்பு தூக்கலாக இருந்தால் குழம்பைக் கூட்டுங்கள். சப்பென்று இருந்தால் மாம் நேம். இனிப்பு உறுத்தினால் மாங்காய். கிண்ணம் சரியான பிறகு முட்டை, இறால் ஜோடிகளைத் தொடுங்கள்.

இன்னொன்று. ஓரத்தைத் தொட்டு நாசூக்காகக் கடிக்கிற பண்டம் இல்லை இது. ஜோடியை முழுசாகக் கிண்ணத்தில் போடுங்கள், சாப்ஸ்டிக்கால் பிளந்து விடுங்கள், சாறு உள்ளே இறங்கட்டும். நாலைந்து நொடி. அதற்கு மேல் விட்டால் மொறுமொறுப்பு போய்விடும். கரண்டியால் சாற்றோடு அள்ளி வாயில் போட்டு, கையோடு ஒரு புதினா இலையோ கீரையோ கடித்துக்கொள்ளுங்கள். கையால் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு: யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் சாறு முழங்கை வரை வழியும்.

பத்து ஜோடியை ஒரே தடவையாகச் சொல்லிவிடாதீர்கள். ஆறினால் மாவு ரப்பராகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள், அடுப்பு பக்கத்தில்தானே இருக்கிறது.

படி 6: காசு

பலகையில் 40 என்றிருந்தால் 40,000 டாங் (வியட்நாம் நாணயம்). மூன்று பூஜ்யத்தைச் சொல்லாமலே விட்டுவிடுவது அங்கே வழக்கம். 30,000 டாங் சுமாராக நம் 100 ரூபாய் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கவனிக்க வேண்டியது நோட்டு நிறம்: 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலம். மங்கிய விளக்கில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு நிறைய. 500,000 நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள். தெருக்கடைக்குச் சில்லறை நோட்டுதான் மரியாதை.

படி 7: மண் தட்டு வாங்குகிறவர்களுக்கு

ஃபான் ராங்குக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் பாவ் ட்ருக் என்ற சாம் குயவர் கிராமம் இருக்கிறது. பானை வனைவது பெண்கள். சக்கரம் கிடையாது, பீடத்தின் மேல் மண்ணை வைத்துவிட்டு, வனைகிறவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னோக்கி நடக்கிறார். சூளையும் இல்லை, வெட்டவெளியில் விறகும் வைக்கோலும் போட்டு எரிக்கிறார்கள். சாம் மக்களின் இந்த மண்பாண்டக் கலையை 2022-இல் யுனெஸ்கோ, உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதே பயணத்தில் போ க்லாங் கராய் என்ற பழைய சாம் கோயிலையும் பார்த்துவிடலாம். தாப் சாம் நிலையத்துக்குப் பக்கத்திலேயே குன்றின் மேல் இருக்கிறது. உள்ளே முகம் செதுக்கிய சிவலிங்கமான முகலிங்கம், இன்றும் வழிபாட்டில்.

பான் கன் தட்டு வாங்கினால் சிறியதாக வாங்குங்கள், மூடிகளை எண்ணி வாங்குங்கள். விமானத்தில் கைப்பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் ஓடுதான் வந்து சேரும். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் வீட்டுப் பணியாரக் கல்லிலேயே சுடலாம். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மாவு மோர் பதத்தில் இருக்க வேண்டும், கட்டாயம் மூட வேண்டும், திருப்பக் கூடாது.

சேர்த்தது, சைவக்காரர்களுக்கு: மாவில் அசைவம் இல்லை. ஆனால் குழி துடைப்பதும் வெங்காயத்தாள் வாட்டுவதும் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில், தொட்டுக்கொள்வது பெரும்பாலும் மீனில். "அன் சாய்" என்று சொன்னால் சைவம் சாப்பிடுகிறவர் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் அடுப்பை அதற்காக மாற்ற மாட்டார்கள். அதனால் "சாய்" என்று பலகை போட்ட சைவக் கடையாகப் பார்த்துப் போங்கள். அமாவாசையை ஒட்டிய சந்திர மாத முதல் நாளிலும் பௌர்ணமியன்றும் பௌத்தர்கள் நிறையப் பேர் சைவம் உண்பதால், அந்த நாட்களில் சைவப் பண்டங்கள் எளிதாகக் கிடைக்கும். மீன் சாற்றுக்குப் பதில் சோயா சாறு கேட்க "நுவொக் துவொங்". கடலைச் சாற்றில் மீன் கலந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள், அந்த ஜாடிக் கரண்டியையே மற்ற ஜாடிகளிலும் போடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.