ஊட்டியில் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்குவது எப்படி? ஆய்வுக்கு முன் செய்ய வேண்டியவை

சீசன் நெருங்கினால் போதும், "மாடி அறை சும்மாதான் கிடக்குது, ஹோம்ஸ்டேக்கு விடலாமா?" என்று கேட்பவர்கள் கூடிவிடுகிறார்கள். தாராளமாக விடலாம். ஆனால் கட்டில், மெத்தை வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் பீரோவைத் திறந்து வீட்டுக் காகிதங்களை எடுங்கள்.

படி 1: இடமும் கட்டட அனுமதியும்

வீடு மசினகுடி, சீகூர் பக்கம் என்றால் அது யானை வழித்தடத்துக்குள் வருகிறதா என்று வனத்துறையில் கேளுங்கள். அந்த வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. அடுத்த ஜனவரியிலேயே மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானைமேல் தீயை வீசினார்கள்; காயத்தோடு அலைந்த அந்த யானை இறந்துபோனது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. வழித்தடத்துக்குள் இடம் இருந்தால் இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

ஊருக்குள் இருக்கும் வீடு என்றால் நகராட்சி அனுமதித்த வரைபடத்தைப் பாருங்கள். குடியிருப்பு என்று அனுமதி வாங்கிவிட்டு காட்டேஜாக நடத்திய கட்டடங்களுக்கு நீலகிரியில் சீல் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் இல்லாத அறையைக் காட்டி விண்ணப்பிக்காதீர்கள். என்ன உரிமம் தேவை என்று நகராட்சியில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 2: விண்ணப்பம்

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'நிதி' (NIDHI) இணையதளத்தில் பதியலாம். கோல்டு, சில்வர் என இரண்டு தரம். ஒன்று முதல் ஆறு அறைகள், அதிகபட்சம் 12 படுக்கை. இதில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவைத்தால் அது ஹோம்ஸ்டே ஆகாது.

படி 3: ஆய்வு நாள்

விண்ணப்பித்த பிறகு வீட்டை ஆய்வு செய்ய வருகிற குழு முதலில் பார்ப்பது அலங்காரத்தை இல்லை. அறையின் அளவு, குளியலறை, வெந்நீர், சமையலறைச் சுத்தம், குப்பையைப் பிரிக்கிற விதம், தீயணைப்பான். தீயணைப்பானில் மறுநிரப்பு தேதி தாண்டியிருக்கிறதா என்று முந்தின வாரமே பாருங்கள். குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் புகை தூங்குகிறவர் உயிரையே எடுத்துவிடும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. அறையில் கண்ணாடிக் கூஜா வையுங்கள்.

சாப்பாடு போடுவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் வேண்டும்.

படி 4: விருந்தினர் பதிவேடு

பெயர், முகவரி, வந்த நேரம், அடையாள அட்டை நகல். குடும்பத்தில் ஒருவருடையது மட்டும் போதாது, பெரியவர்கள் எல்லாருடையதும் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறை இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும். நம் ஊரில் இதை இன்னும் 'சி பாரம்' என்றுதான் சொல்கிறார்கள். அதற்கான லாகினை விருந்தினர் வாசலில் வந்து நிற்கும்போது தேடாமல், கதவைத் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள்.