நிறைய மேக்ல லைசென்ஸ் கீ கேக்குற சாஃப்ட்வேர தள்ளுறது (தூரத்துலருந்தே இன்ஸ்டால் பண்றது) எப்படி

ஆப்பையும் லைசென்ஸையும் ஒரே பேக்கேஜ்ல கட்டாதீங்க, தனித்தனியா வச்சா கீ மாறும்போது சின்ன பேக்கேஜ மட்டும் திரும்ப தள்ளினா போதும். லைசென்ஸுக்கு பிகேஜிபில்ட்ல (pkgbuild, மேக்ல பேக்கேஜ் கட்டுற கமாண்ட்) நோபேலோட் ஆப்ஷன் (--nopayload, இன்ஸ்டால் பண்ண ஃபைல் எதுவும் இல்லாத பேக்கேஜ்) போட்டு போஸ்ட்இன்ஸ்டால் (postinstall, இன்ஸ்டால் கடைசியில ஓடுற) ஸ்கிரிப்ட் மட்டும் வைங்க, எக்ஸிக்யூட் பெர்மிஷன் கண்டிப்பா குடுக்கணும்.

ரொம்ப முக்கியம், அந்த ஸ்கிரிப்ட் ரூட்டா (முழு அதிகாரம் உள்ள சிஸ்டம் அக்கவுண்ட்டா) ஓடும், அதனால யூசரோட ஹோம் ஃபோல்டர நம்பி எழுதாதீங்க, சாஃப்ட்வேர் ஏத்துக்கிட்டா மெஷினோட பொது லைப்ரரி ஃபோல்டர்லயே (/Library) லைசென்ஸ் ஃபைல அந்த ஸ்கிரிப்ட் மூலமா வைங்க, யார் லாகின் பண்ணாலும் வேலை செய்யும். இத கவனிக்காம நான் ஒரு லேப் முழுக்க மறுபடி பண்ண வேண்டியதாச்சு.

எம்டிஎம் (MDM, மெஷின்கள தூரத்துலருந்து நிர்வகிக்கிற சிஸ்டம்) கமாண்ட்லயே நேரா அனுப்பறதுன்னா புராடக்ட்பில்ட்ல (productbuild, இன்னொரு பேக்கேஜ் கமாண்ட்) டிஸ்ட்ரிபியூஷன் பேக்கேஜா மாத்தி சர்டிஃபிகேட் போட்டு சைன் பண்ணுங்க. பேக்கேஜ் கையில கிடைச்சா யார் வேணா பிரிச்சு கீய படிச்சிடலாம், அதனால பப்ளிக் லிங்க்ல வைக்கவே கூடாது.