ரீபூட் செய்தால் சரியாகிறதா? கெர்னலைச் சந்தேகியுங்கள்

கடலூர் முதுநகரில் மீன் ஏற்றுமதிக் கூடம் ஒன்றின் எடைமேடைக் கணினி என் பொறுப்பு. லினக்ஸ், 2 ஜிபி ரேம். பத்து நாளைக்கு ஒருமுறை அப்படியே உறைந்துவிடும். கணக்கு எழுதும் அக்கா ஞாயிறுதோறும் ரீபூட் என்று காலண்டரிலேயே குறித்து வைத்திருந்தார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

'டாப்' கட்டளை போட்டுப் பார்த்தால் எந்த ப்ராசஸும் (ஓடும் நிரலும்) மெமரியைத் தின்னவில்லை. அதுதான் முதல் துப்பு. ப்ராசஸ் செத்தால் அது வாங்கிய மெமரி திரும்பிவிடும். லினக்ஸின் உட்கருவான கெர்னல் தனக்கென்று வாங்கியதைக் கெர்னலேதான் விட வேண்டும்; விடாமல் தேங்கினால் அதுதான் மெமரி ஒழுகல். மெமரிக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில், கெர்னல் வாங்கித் திரும்பப் பெற முடியாத மெமரியைச் சொல்லும் 'எஸ்அன்ரிக்ளெய்ம்' வரியைக் காலையும் மாலையும் குறித்துக்கொள்ளுங்கள். இறங்காமல் ஏறினால், எந்த அளவுத் துண்டுகள் பெருகுகின்றன என்று காட்டும் 'ஸ்லாப்டாப்' போடுங்கள். எனக்கு 4 கேபி துண்டுகள் பெருகின. உப்புக்காற்றில் துரு ஏறிய தராசு கேபிள் இரண்டு வினாடிக்கு ஒரு தரம் விட்டுவிட்டுச் சேர்ந்தது. சேரும்போதெல்லாம் 4 கேபி போனால் நாளுக்கு ஏறக்குறைய 170 எம்பி. கணக்கு ஒத்துப்போனது.

அப்புறம் கேமெம்லீக், கெர்னலுக்குள் ஒழுகலைத் தேடும் கருவி. 2009இல் 2.6.31 கெர்னலில் வந்தது. இதை இயக்கிய கெர்னல் மந்தமாக ஓடும், அதனால் ஒரு பழைய கணினியில் போட்டேன். டீபக்எஃப்எஸ் என்ற, பிழை தேடுவதற்கான கோப்பகத்தில் உள்ள அதன் கோப்பில் 'கிளியர்' என்று எழுதி, கேபிளைப் பத்துத் தரம் பிடுங்கிச் செருகி, 'ஸ்கேன்' என்று எழுதிப் படியுங்கள். ஒரே ஸ்கேனை நம்பாதீர்கள், இரண்டாம் தரமும் வருகிறதா பாருங்கள். யார் வாங்கிய மெமரி என்று ஃபங்ஷன் பெயரோடு காட்டும்.

தராசை இயக்கும் எங்கள் டிரைவர் நிரலில் தப்பு இருந்த இடம், பெரும்பாலும் இருக்கும் இடம்தான்: பிழை வந்தால் திரும்பும் வழி. பஃபர் (தற்காலிக மெமரி) வாங்கியாகிவிட்டது, அடுத்த படி தோற்றது, உடனே 'ரிட்டர்ன்'. பேட்ச் (திருத்தம்) இரண்டே வரி: 'ரிட்டர்ன்' இருந்த இடத்தில் கடைசிக்குத் தாவும் 'கோட்டூ', கடைசியில் மெமரியை விடுவிக்கும் 'கேஃப்ரீ'. பல பொருள் வாங்கியிருந்தால் கடைசியில் வாங்கியதை முதலில் விடுங்கள். ஆனால் 'டெவ்எம்' என்று தொடங்கும் ஃபங்ஷனால் வாங்கியதை நீங்களும் விடுவிக்காதீர்கள். கெர்னலே விட்டுவிடும், இரண்டு தரம் விட்டால் ஒழுகலைவிட மோசம்.

மெமரிதானே என்று அலட்சியம் வேண்டாம். எவரும் வேண்டுமென்றே தூண்ட முடிகிற ஒழுகல், கணினியை முடக்கும் ஆயுதம். ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கு வைக்கும் எண்ணி (கவுண்டர்) குறையாமல் ஒழுகினால் இன்னும் ஆபத்து. 2016 ஜனவரியில் வெளிவந்த சிவிஇ-2016-0728 என்ற பாதுகாப்பு ஓட்டையில், கெர்னல் சாவிகளைச் சேர்த்து வைக்கும் சாவிவளையத்தின் எண்ணியைக் குறைக்கும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. 32 பிட் எண்ணி, பழைய பைக் மீட்டர் மாதிரி சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்ததும், பயன்பாட்டில் இருக்கும் மெமரியைக் கெர்னல் விடுவித்துவிடும். சாதாரணப் பயனர் முழு அதிகாரம் கொண்ட ரூட் ஆகலாம். 2017இல் 4.11 கெர்னலில் வந்த 'ரெஃப்கவுண்ட்' எண்ணி அப்படிச் சுற்றாது, உச்சத்திலேயே நின்றுவிடும்.

பேட்ச் போட்டபின் அதே பத்துப் பிடுங்கலைத் திரும்பச் செய்யுங்கள். கேமெம்லீக் வாய் திறக்கக் கூடாது. எனக்குத் திறக்கவில்லை. கேபிளை இன்னும் மாற்றவில்லை, அது வேறு கதை. அக்கா இப்போதும் ஞாயிறுதோறும் ரீபூட் செய்கிறார்.