ரூஃப் கான்கிரீட்டுக்கு மூட்டைக் கணக்கு: நாம் தப்பு விடுகிற இடங்கள்

பாலக்கோடு பக்கம் பெரியப்பா வீட்டுக்கு ரூஃப் போட்ட அன்று, மத்தியானம் 3 மணி இருக்கும், மேஸ்திரி மேலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, சிமெண்ட் மூட்டை முடிஞ்சிருச்சு, இன்னும் மூணுல ஒரு பங்கு கிடக்குது" என்றார். கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் சாத்தியிருந்தது. அலைந்து திரிந்து மூட்டை வந்து இறங்கியபோது இருட்டிவிட்டது, காலையில் போட்டது நன்றாக இறுகிப்போயிருந்தது. பழையதும் புதியதும் சேர்ந்த அந்தக் கோட்டில்தான் இன்றைக்கும் ஐப்பசி மழைக்கு ஈரம் இறங்குகிறது.

என் தப்பு எங்கே என்று சொல்கிறேன். 1000 சதுர அடி, 5 அங்குல கனம், அதாவது 416.67 கன அடி. எம் 20 (கான்கிரீட்டின் வலுவைச் சொல்லும் தரம்) கலவை 1:1.5:3, அதாவது சிமெண்ட் 1 பங்கு, மணல் 1.5, ஜல்லி 3, கூட்டினால் 5.5. நான் 416.67ஐ நேராக 5.5ஆல் வகுத்துவிட்டேன், 50 கிலோ மூட்டை ஒன்று 1.226 கன அடி என்று எடுத்தால் 62 மூட்டை வந்தது. ஆனால் 416.67 என்பது போட்டு முடித்த கான்கிரீட்டின் அளவு. காய்ந்த ஜல்லிக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் மணல் புகுந்துகொள்ளும், மணலுக்கு நடுவே சிமெண்ட் புகுந்துகொள்ளும், தண்ணீர் விட்டுக் குத்தியதும் மொத்தமும் சுருங்கிவிடும். அதனால்தான் முதலில் 1.54ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் 641.67 கன அடி. சிமெண்ட் 95 மூட்டை, எம் சாண்ட் 175 கன அடி, முக்கால் இன்ச் ஜல்லி 350 கன அடி. நான் 33 மூட்டை குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.

சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 1 கன மீட்டர் எம் 20க்கு ஏறக்குறைய 8 மூட்டை ஆகும், 1 கன மீட்டர் என்பது 35.3 கன அடி. 416.67ஐ 35.3ஆல் வகுத்தால் 11.8, எட்டால் பெருக்கினால் 94. இந்த ஒரு வரியை அன்றைக்குப் போட்டுப் பார்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

அங்குலத்தை அடியாக மாற்றும்போதும் தப்பு நடக்கும். 5 அங்குலத்தை 0.5 அடி என்று எழுதிவிடுகிறார்கள், அது 0.417 அடி. இதே தளத்தில் அந்த ஒரு எழுத்துக்கு 19 மூட்டை கூடுதலாக வாங்கி வைப்பீர்கள். பீமை விட்டுவிடுவது இன்னொன்று: தளத்துக்குக் கீழே 9 அங்குல அகலம், 9 அங்குல ஆழத்தில் மொத்தம் 100 அடி பீம் ஓடினால் அதற்கே 56 கன அடி, கிட்டத்தட்ட 13 மூட்டை வேண்டும்.

அடுத்தது யூனிட். நம் பக்கம் ஜல்லி, எம் சாண்ட் எல்லாம் யூனிட் கணக்கில்தான் பேசுவார்கள், 1 யூனிட் என்றால் 100 கன அடி. கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கல்லுக்கும் கிரஷருக்கும் குறைவே இல்லை, லோடு சொன்னால் வந்துவிடும், அதனாலேயே யாரும் அளப்பதில்லை. 2 யூனிட் என்று வந்த டிப்பரின் தொட்டி உள்ளளவு 11 அடி நீளம், 6.5 அடி அகலம், மேலே மட்டம் தட்டினால் 2.5 அடி உயரம் என்றால், அது 178.75 கன அடிதான். நடுவில் குவித்திருப்பதைப் பார்த்துவிட்டு நிறைந்த லோடு என்று கையெழுத்துப் போடாதீர்கள், டேப்பை எடுத்து உள்ளே அளங்கள்.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது ஈர மணல். முதல் நாள் மழை பெய்திருந்தாலோ, லோடு ஈரமாகவே வந்திருந்தாலோ, ஒவ்வொரு துகளைச் சுற்றியும் தண்ணீர்ப் படலம் ஒட்டிக்கொண்டு துகள்களைத் தள்ளி வைக்கும், குவியல் உப்பிவிடும். 5 சதவீத ஈரத்திலேயே 20, 25 சதவீதம் உப்பும். ஒரு மூட்டை சிமெண்ட் கொள்ளுகிற அளவுப் பெட்டியில் நிறையப் போட்டது போலத்தான் தெரியும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். ஜல்லி தூக்கலாகி, சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகக் கிடக்கும், மூட்டையும் கணக்கை மீறிச் செலவாகும்.

இதைத் தெரிந்துகொள்ள நேரான கண்ணாடி ஜாடி ஒன்று போதும். குவியலிலிருந்து மணலை எடுத்து, அழுத்தாமல், 20 செ.மீ. உயரத்துக்கு மட்டமாகப் போடுங்கள். மணலை வேறு பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு, ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டு, குச்சியால் கலக்கி, படிய விடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கினால் உப்பல் 25 சதவீதம். அப்புறம் மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல் போதாது, ஒன்றரையை 1.25ஆல் பெருக்கி, 1.9 பெட்டி அளவுக்குப் போட வேண்டும். 175 கன அடி ஆர்டரும் 219 ஆகும்.

பெட்டி என்றால் பெட்டிதான், ஆட்கள் தலையில் சுமக்கிற பாண்டு சட்டி இல்லை. ஒருத்தர் குவித்து அள்ளுவார், இன்னொருத்தர் மட்டமாக அள்ளுவார், சாயங்காலம் ஆனால் எல்லோருமே குறைத்து அள்ளுவார்கள், பாவம், அவர்கள் கையைக் குறை சொல்ல முடியாது. உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரம் வைத்து ஒரு பெட்டி செய்தால் 35 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமெண்டின் அளவு.

எம் 20க்கு மேல் போனால் இந்த விகிதக் கணக்கே வேண்டாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, எம் 20 வரைதான் இப்படிக் கலக்க விடுகிறது. அதற்கு மேல் லேபில் சோதித்துக் கொடுக்கிற கலவை, அதாவது டிசைன் மிக்ஸ், எடைக் கணக்கு, அதைப் பெட்டிக் கணக்காகப் படித்துவிடாதீர்கள்.

கடைசியாகத் தண்ணீர். எம் 20க்கு மூட்டைக்கு 25 முதல் 27.5 லிட்டர். 5 சதவீத ஈரமுள்ள மணலிலேயே மூட்டைக்கு 4 லிட்டர் ஒளிந்திருக்கும், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளந்து ஊற்றுங்கள். மிக்ஸர் மிஷின் பக்கத்தில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றால், ஹோஸை வாங்கி வைத்துவிட்டு, அளவுக் கோடு போட்ட ஒரு வாளியைக் கையில் கொடுங்கள்.