கிணற்றுக்கு ஒரு கொப்பி

2015 தை மாதம், எங்கள் வளவுக் கிணற்றில் ஒயில் வாடை அடித்தது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் கழிவு ஒயில் என்று ஊரெல்லாம் பேசிய காலம். தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுபோனேன். "முந்தின றிப்போட் ஏதும் இருக்குதா அம்மா?" என்று கேட்டார்கள். தலைமுறையாக அள்ளிக் குடித்த தண்ணீரைப் பற்றி எங்களிடம் ஒரு வரிகூட இருக்கவில்லை. அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கினேன். நீங்களும் வாங்குங்கள், கிணறு நன்றாக இருக்கும்போதே.

அமெரிக்காவில் நிலத்தின் ஆழத்துப் பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எரிவாயு எடுக்கிறார்கள். அதனால் குடிநீர் கெடுமா என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை ஆராய்ந்து, சில நிலைமைகளில் கெடலாம் என்று 2016இல் சொன்னது. எவ்வளவு பரவலாகக் கெடுகிறது என்று கணக்கிட முடியவில்லை. தோண்டுவதற்கு முந்திய தண்ணீர் விவரம் பல இடங்களில் போதாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். நமக்கும் அதே கதைதான். நம் காலடியில் இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மேலே கொட்டுவது சீக்கிரம் கீழே போய்விடும், மண் வடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

சரி, கொப்பியில் என்ன எழுதுவது? கோடை முடிவில் ஒரு தடவை, மாரி மழை ஓய்ந்த பிறகு ஒரு தடவை தண்ணீர் எடுங்கள். திகதி, நீர்மட்டம், மணம், நிறம், உவர்ப்பு, பக்கத்துத் தோட்டத்தில் உரம் போட்ட நாள் எல்லாம் எழுதுங்கள். ஆய்வுகூட றிப்போட்டை உள்ளே ஒட்டுங்கள்.

ஒயில் பார்க்க வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல்தான் வேண்டும், பிளாஸ்டிக்கில் ஒயில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரால் போத்தலை அலசவும் வேண்டாம், சுவரில் படிந்து கணக்குப் பிழைக்கும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடமே தரும் போத்தலில் எடுத்து, ஐஸ் வைத்து அன்றே கொடுங்கள்.

மேலே படலம் மினுங்கினால் பதறாதீர்கள். குச்சியால் கீறுங்கள். தகடு தகடாக உடைந்து நின்றால் பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியா. சுழன்று திரும்ப ஒட்டிக்கொண்டால் ஒயில் என்று சந்தேகப்படுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

ஒயிலைக் கண்ணும் மூக்கும் காட்டிக் கொடுக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் நைத்திரேற்று என்ற உப்புக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. யூரியாவிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் வரும். நைத்திரேற்றாகவே கணக்கிட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். சில றிப்போட்டில் நைதரசனாகக் கணக்கிட்டிருப்பார்கள், அப்போது எல்லை 11 அளவில் வரும். 20 என்று பார்த்து, ஐம்பதுக்குக் குறைவுதானே என்று நிம்மதி கொள்ளாமல் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீட்டில் இது முக்கியம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். எல்லை தாண்டியிருந்தால், பிள்ளைக்கு மட்டுமாவது சோதித்த வேறு தண்ணீர் எடுங்கள்.