கலர்க் கண்ணாடி வேலை: வீட்டு மேசையில தொடங்கிறதெண்டால்

சேர்ச் ஜன்னல்களில இருக்கிற கலர்க் கண்ணாடி வேலையை வீட்டில செய்யேலுமோ எண்டால் தாராளமாச் செய்யலாம், ஆனா சேர்ச்சில செய்த மாதிரி ஈயப் பட்டிக்குள்ள கண்ணாடியைச் செருகிற முறையில தொடங்காதேங்கோ. ஜன்னலில தொங்கவிடுற சின்னச் சாமானுக்கு செப்பு ஃபொயில் முறைதான் வசதி. ஒவ்வொரு துண்டின்ட ஓரத்திலயும் ஒட்டுற செப்பு டேப்பைச் சுத்தி, துண்டுகளை நெருக்கி வச்சு, இடுக்கில சோல்டர், அதாவது உருக்கி ஒட்டுற ஈயக் கலவைக் கம்பியை, உருக்கி ஓடவிடுறது, அவ்வளவுதான். டிஃபனி முறை எண்டும் சொல்லுவினம்.

காசு போடவேண்டிய சாமான் ரெண்டுதான், கண்ணாடி வெட்டுற கட்டரும் சோல்டரை உருக்கிற சோல்டரிங் அயனும். கட்டர் கார்பைட் சில்லு வச்சதா இருக்கோணும். ரேடியோ திருத்திற 30 வாட் அயன் இதுக்குக் காணாது, கண்ணாடியும் செப்பும் சூட்டை இழுத்துப்போடும், 80 இல்லாட்டி 100 வாட்டில சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடியதா எடுங்கோ. சோல்டர் 60/40, அதாவது 60 வீதம் வெள்ளீயம் 40 வீதம் ஈயம், உள்ளுக்கு ரெசின் இல்லாத கம்பி. ரெசின் உள்ளதெண்டால் பிசுபிசுத்துக் கறுத்து கழுவவே ஏலாமப் போகும். கிரைண்டர் மெஷின் பிறகு பாக்கலாம், கார்போரண்டம் கல்லைத் தண்ணியில நனைச்சுத் தேய்ச்சாலே ஓரம் சரியாகும், என்ன கொஞ்சம் கை வலிக்கும்.

கலர் ஷீட்டை ஓடர் பண்ண முதல் வெள்ளைக் கண்ணாடியில கை பழகுங்கோ. டவுணில படத்துக்கு பிரேம் போடுற கடையள், அலுமினியம் ஜன்னல் அடிக்கிற இடங்களில வெட்டின மிச்சத்துண்டு கிடக்கும், 3 மில்லிமீற்றருக்குக் கிட்டவா உள்ளதைக் கேட்டு எடுங்கோ. சூடாக்கி உறுதியாக்கின டெம்பர்ட் கண்ணாடி மட்டும் வேண்டாம், அதை வெட்டேலாது, முழுக்கத் தூளாப் போகும்.

வெட்டுறதுதான் இதில முக்கால்வாசி வேலை. சில்லை மண்ணெண்ணெயில தொட்டு, கண்ணாடியின்ட ஒரு ஓரத்தில தொடங்கி மற்ற ஓரம் மட்டும் ஒரே இழுவையா இழுக்கோணும், நடுவில நிப்பாட்டக் கூடாது. ஒரே சீரான ‘சர்ர்’ எண்ட சத்தம் வந்தால் அழுத்தம் சரி, கோட்டில வெள்ளையாத் தூள் பறந்தால் கூடிப்போச்சு. போட்ட கோட்டுக்கு மேல ரெண்டாம் தரம் ஓட்டவே ஓட்டாதேங்கோ, கண்ணாடியும் வீண், சில்லும் மொட்டையாகும். கோடு போட்ட கையோட, ரெண்டு பெருவிரலையும் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் வச்சு பிஸ்கட் உடைக்கிற மாதிரி கீழ மடக்கினால் ‘டக்’ எண்டு பிரியும். ஒடுக்கமான துண்டுக்கு ரன்னிங் பிளையர், அதாவது கோட்டு வழியே கண்ணாடியைப் பிரிக்கிற குறடு, வேணும். உள்வளைவை ஒரே கோட்டில எடுக்க ஏலாது, கொஞ்சம் கொஞ்சமா பிறை பிறையா வெட்டிக் கழிச்சுத்தான் எடுக்கோணும். கண்ணுக்குக் கண்ணாடி போடாம இந்த வேலையைத் தொடாதேங்கோ.

அதால முதல் டிசைன் ஒரு மீன், அஞ்சாறு துண்டோட, நேர்க்கோடும் லேசான வளைவும் மட்டும். எங்கட திருகோணமலை ஆக்களுக்கு பிரெட்றிக் கோட்டையில திரியிற மானைக் கொம்போட செய்யோணும் எண்டு ஆசை வரும், செய்யலாம், ஆனா கொம்பைக் கண்ணாடியில வெட்ட நிக்காதேங்கோ, செப்புக் கம்பியை வளைச்சு மேல சோல்டர் பூசி தலையில ஒட்டிவிட்டால் இன்னும் வடிவு.

ஃபொயில் 7/32 இஞ்சி அகலம், 3 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட மடியும். கண்ணாடியைக் கழுவி எண்ணெய் போகத் துடைச்சு காயவிட்டு, நடுவில பிடிச்சுச் சுத்தி, பேனை மூடியால ஓரமெல்லாம் அழுத்தித் தேயுங்கோ. கடற்காத்துக்கு செப்பு கெதியாக் கறுக்கும், கறுத்ததில சோல்டர் ஒட்டாது, சுருளை சிப் பையில காத்துப் போகாம வச்சு, சுத்தின உடன சோல்டர் பண்ணிடுங்கோ. கறுத்துப் போனால் ஸ்டீல் வூலால தேய்ச்சு எடுக்கலாம்.

சோல்டருக்கு முதல், செப்பில சோல்டர் பிடிக்கிறதுக்குப் பூசிற ஃப்ளக்ஸைப் பூசி, அங்கங்க ஒரு பொட்டு வச்சு துண்டுகளை அசையாமப் பண்ணி, பிறகு கோடு முழுக்க ஓடவிடுங்கோ. அயனை ஒரே இடத்தில பிடிச்சுக்கொண்டு நிண்டால் கண்ணாடி வெடிக்கும். வாற புகை ஃப்ளக்ஸிட புகை, மூச்சில இழுக்கக் கூடாது, ஜன்னலைத் திறந்து வையுங்கோ, ஆனா கச்சான் காத்து நேர மேசைக்கு அடிச்சால் சோல்டர் ஆறி கரடுமுரடா நிக்கும், அதால காத்துக்குப் பக்கவாட்டில இருங்கோ. ஈயம் கையில ஒட்டும், அது வயித்துக்குள்ள போகப்படாது. சமைக்கிற, சாப்பிடுற மேசையில செய்யாதேங்கோ, சின்னப் பிள்ளையளையும் கர்ப்பிணி ஆக்களையும் கிட்ட விடாதேங்கோ, முடிச்சவுடன சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கோ.

கலர் ஷீட் வாங்கக் காசில்லாட்டி, கடற்கரையில அலை தேய்ச்சு ஒதுக்கின போத்தல் துண்டு பொறுக்கலாம். வெட்டவே தேவையில்லை, உப்புப் போக ஒரு இரவு தண்ணியில ஊறவிட்டு நல்லாக் காயவச்சு ஃபொயிலைச் சுத்துங்கோ, சொரசொரப்பில டேப் லேசில பிடிக்காது, கொஞ்சம் கூட அழுத்தித் தேய்க்கோணும்.

எல்லாம் முடிய பாத்திரம் கழுவுற சோப்பால ஃப்ளக்ஸ் போகக் கழுவி, காயவிட்டு, மெழுகு பூசுங்கோ, இல்லாட்டி எங்கட உப்புக் காத்துக்கு வெள்ளையாப் பூத்துப்போடும். தொங்கவிடுற வளையத்தை வெளி ஓரத்து ஃபொயிலில சும்மா ஒட்டாதேங்கோ, பாரத்துக்கு உரிஞ்சு வந்திடும், ரெண்டு துண்டு சேருற கோடு ஓரத்தில வந்து முடியிற இடத்தில, அந்தக் கோட்டோட சேத்து சோல்டர் பண்ணுங்கோ.