வடக்குக் காட்டில் டென்ட் அடிப்பது எப்படி

அமெரிக்காவின் மினசோட்டாவில் சுப்பீரியர், சிப்பெவா, விஸ்கான்சினில் செக்வாமகன்-நிக்கோலே, மிச்சிகன் மேல் தீபகற்பத்தில் ஒட்டாவா, ஹயவாதா. இந்தத் தேசியக் காடுகளில் ஏரிக்கரையோரமாகப் பத்துப் பதினைந்து இடங்கள் மட்டுமே உள்ள சின்னச் சின்ன கேம்ப்கிரவுண்டுகள் நிறைய உண்டு. பெரிய தேசியப் பூங்காக்களுக்குப் போய்ப் பழகியவர்கள் கொஞ்சம் தயாராகத்தான் வர வேண்டும். வாசலில் ஆள் கிடையாது, கடை கிடையாது, கரண்ட், ஷவர் எதுவும் கிடையாது. செல்போன் சிக்னல் பல இடங்களில் சுத்தமாக எடுக்காது. ஒரு மேசை, இரும்பு வளையம் போட்ட நெருப்புக்குழி, டென்ட் போடச் சமன்படுத்திய தரை, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத குழிக் கழிப்பறை, இருந்தால் ஓர் அடிபம்பு. அவ்வளவுதான். வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சில இடங்களை ரிக்ரியேஷன்.கவ் (recreation.gov) தளத்தில் முன்பதிவு செய்யலாம். மற்றவை முதலில் வருபவருக்கே. கோடை வார இறுதியில் பின்னதை நம்பிப் போவதானால் வியாழக்கிழமையே போய்ச் சேருவது நல்லது. முதலில் ஒரு சுற்று வந்து, காலியான இடத்தில் டென்டையோ நாற்காலியையோ வைத்துவிட்டு, அறிவிப்புப் பலகைக்குப் போங்கள். அங்கே கட்டண உறை இருக்கும். விவரம் எழுதி, பணத்தை உள்ளே வைத்து, துண்டுச்சீட்டைக் கிழித்து உங்கள் இடத்தின் எண் கம்பத்தில் மாட்டிவிட்டு, உறையை இரும்புக் குழாயில் போட வேண்டும். மீதிச் சில்லறை தர ஆள் இல்லை என்பதால் 1, 5, 10 டாலர் நோட்டுகள் அவசியம். சீனியர் பாஸ் (முதியவர்களுக்கு) அல்லது ஆக்சஸ் பாஸ் (மாற்றுத்திறனாளிகளுக்கு) இருந்தால் பெரும்பாலான இடங்களில் பாதிக் கட்டணம்தான். பாஸ் எண்ணை உறையில் எழுத மறக்காதீர்கள். சுப்பீரியரில் கட்டணமே இல்லாத எளிய முகாம்களும் உண்டு, ஆனால் அங்கே குடிநீரும் இருக்காது, குப்பையையும் நீங்களே திருப்பி எடுத்துப் போக வேண்டும்.

எப்போது போகலாம்? மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்கக் கறுப்பு ஈயும் கொசுவும் பிய்த்து எடுத்துவிடும். ஆகஸ்ட் பாதிக்கு மேல், செப்டம்பர் நடுப்பகுதி வரை போவதுதான் புதியவர்களுக்குச் சரி. ஜூனில்தான் முடியும் என்றால் தலைக்கு மேல் போடும் கொசுவலை, முழுக்கை வெளிர்நிறச் சட்டை, 20 முதல் 30 சதவீத டீட் (DEET) உள்ள பூச்சிவிரட்டி மருந்து மூன்றும் வேண்டும். டீட் பட்ட கையால் டென்ட் துணியையோ கண்ணாடி பிரேமையோ தொடாதீர்கள். சில பிளாஸ்டிக்கையும் செயற்கை இழையையும் அது அரித்துவிடும். உண்ணிக்கு 0.5 சதவீத பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லியை உடைகளில், தோலில் அல்ல, கிளம்புமுன்னே தெளித்து நன்றாகக் காயவிட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை கிட்டே விடாதீர்கள்; அதற்கு அது விஷம்.

டென்டை எங்கே போடுவது என்பதில்தான் இரவுத் தூக்கம் இருக்கிறது. முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். தளிரில்லாத, பட்டை உரிந்த மரமோ, கிளைகளுக்கிடையே சிக்கித் தொங்கும் கொம்போ இருந்தால் வேறு இடம். இந்தப் பகுதியில் பாறைக்கு மேல் மண் மெல்லியது. வேர் ஆழமாக இறங்குவதில்லை. மொட்டுப் புழு தாக்கிச் செத்த பால்சம் மரங்களும் அதிகம். 1999 ஜூலை 4 அன்று வீசிய புயற்காற்று சுப்பீரியரில் பல லட்சம் ஏக்கர் மரங்களைச் சாய்த்துப் போட்டது. பிறகு குனிந்து தரையைப் பாருங்கள். நடுவில் குழிந்து, காய்ந்த இலையும் ஊசியும் கோடுகோடாக ஒதுங்கியிருந்தால், மழையில் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. சரிவு லேசாக இருந்தால் பரவாயில்லை, தலைமாடு மேட்டுப்பக்கம் இருக்கட்டும்.

டென்டுக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்டின் அடித்தளத்தைவிட எல்லாப் பக்கமும் நாலு விரற்கடை சிறியதாக இருக்க வேண்டும். கூடுதல் பாதுகாப்பு என்று பெரிதாக விரிப்பவர்கள்தான் நனைகிறார்கள். டென்டுக்கு மேலே போர்த்தும் மேல்விரிப்பிலிருந்து வழியும் மழை, நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தில் விழுந்து, தார்ப்பாய்க்கும் டென்டுக்கும் நடுவே ஓடிவந்து தேங்கிவிடும். டென்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் சரளையில் வளைந்துபோகும். 8 அங்குல நீளத் தடித்த எஃகு முளை எட்டு, ஒரு சுத்தியல் எடுத்துப் போங்கள். முளையின் தலை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பாறை வந்து முளை இறங்கவில்லையா? கயிற்றின் கண்ணியில் சின்னக் கல்லையோ கட்டையையோ கோத்துப் படுக்கவைத்து, அதற்கும் டென்டுக்கும் நடுவே கயிற்றின் மேல் தலை அளவுக் கல்லை வையுங்கள். கயிறு இழுக்கும்போது சின்னக் கல் பெரிய கல்லில் முட்டி நிற்கும். மேல்விரிப்பு நைலானாக இருந்தால் ஈரத்தில் தொய்யும். படுக்கப் போகுமுன் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். அது உள்துணியைத் தொட்டால் அந்த இடத்தில் ஈரம் உள்ளே வரும். மேலே இருக்கும் காற்றுவாயை மூடாதீர்கள், காலையில் உள்ளே சொட்டுவது பெரும்பாலும் உங்கள் மூச்சு நீர்தான்.

நான்கு பேர் டென்ட் என்றால் நான்கு பேர் தோளோடு தோள் இடித்துப் படுக்கலாம் என்று அர்த்தம். இரண்டு பெரியவர்களும் பைகளும் என்றால் அது சரியான அளவு.

ஆகஸ்டிலும் இரவு 5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கலாம். பணம் அளவாக இருந்தால் டென்டில் மிச்சம் பிடித்துப் படுக்கை அட்டையில் (அடியில் விரிக்கும் ஸ்லீப்பிங் பேட்) செலவழியுங்கள். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பஞ்சு உடல் எடையில் நசுங்கிவிடுவதால் தரைக்குளிரைத் தடுப்பது அட்டை மட்டுமே. அதன் ஆர் மதிப்பு (குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 3-க்குக் கீழே வேண்டாம், செப்டம்பருக்கு 4 நல்லது. காற்று மட்டும் அடைத்த சாதாரண மெத்தை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் குளிரும், உள்ளே காற்று சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 'லிமிட்' எண் குளிர் தாங்குபவர் எப்படியோ இரவைக் கடத்தும் அளவு.

இங்கே இருப்பது கறுப்புக் கரடி. அதற்கு உங்கள் மேல் அக்கறையில்லை, மோப்பத்தில்தான் எல்லாம். உணவு, மசாலா டப்பா, எண்ணெய், பற்பசை, லிப் பாம், குப்பைப் பை எல்லாமே இரும்பு லாக்கரில், அது இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிப் பூட்டிய காரில் இருக்க வேண்டும். டென்டுக்குள் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். கரடி வராவிட்டாலும் சுண்டெலி துணியைக் கடித்து ஓட்டை போடும். சமைத்த உடையோடு படுக்காதீர்கள். பாத்திரம் கழுவிய நீரை ஏரியிலிருந்து 200 அடி தள்ளி வடிகட்டி ஊற்றுங்கள், வடிகட்டிய சோற்றுப்பருக்கை குப்பைக்கு.

விறகை ஊரிலிருந்து ஏற்றி வரக் கூடாது. ஆஷ் மரங்களைக் கொல்லும் எமரால்டு ஆஷ் போரர் வண்டு இப்படித்தான் ஊர் ஊராகப் பரவுகிறது. மினசோட்டாவில் 2009-இல் தென்பட்டது. பக்கத்துக் கடையில் வாங்கலாம், கீழே விழுந்து காய்ந்ததைப் பொறுக்கலாம். நிற்கும் மரத்தை வெட்டக் கூடாது. மழைக்குப் பிறகு தரைச்சுள்ளியை விட்டுவிட்டு, விழுந்த பிர்ச் மரத்தின் பட்டையை எடுங்கள், ஈரத்திலும் பற்றிக்கொள்ளும். சமையலை நெருப்புக்குழியை நம்பித் திட்டமிட வேண்டாம். வறட்சியில் தடை வந்தால் பெரும்பாலும் வால்வு வைத்து அணைக்கும் கேஸ் அடுப்புக்கு மட்டும்தான் அனுமதி. ப்யூட்டேன் குப்பி போடும் மேசையடுப்பு உறைநிலைக்கு அருகில் இழுக்காது, ஏனெனில் ப்யூட்டேன் கொதிநிலை -0.5 டிகிரி. செப்டம்பருக்குப் புரோப்பேன் சிலிண்டர்தான் சரி. மழை என்று டென்டுக்குள் அடுப்பு மூட்டினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் ஆளை முடித்துவிடும்.

அடிபம்பு முதல் இருபது தடவை அடிக்கும்வரை காற்றைத்தான் கக்கும், விடாமல் அடியுங்கள். பழுப்பாக வருவது குழாய்த் துரு. தெளியும்வரை அடித்துவிட்டுப் பிடிக்கலாம். பம்பில் 'குடிக்கத் தகாது' என்று பலகை இருந்தால் அந்த நீரைக் குடிக்க வேண்டாம். ஏரி நீர் எடுத்தால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும்.

கிளம்பும் நாளில், புறப்பட ஒரு மணி நேரம் முன்பே நெருப்பில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சூடில்லை என்று தெரிந்தபின் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டையின் அடியையும் புரட்டிப் பாருங்கள், கங்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். காரில் ஏறுமுன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், மயிரோரம் எல்லாம் உண்ணி தேடுங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. ஈர டென்டைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தால் அன்றைக்கே விரித்துக் காயப்போடுங்கள். விட்டால் பூஞ்சை பிடித்து மேல்பூச்சு பிசுபிசுக்கும், அந்த நாற்றம் போகாது.